கோஸ்டா ரிகா போகிறவர்களுக்கு, நான் பார்த்தவரை

மத்திய அமெரிக்காவில் இருக்கும் வெப்பமண்டல நாடு, பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிதான், வியர்த்துக் கொட்டும் என்று பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் முதலில் உயரத்தைக் கேட்கவேண்டும். தலைநகர் சான் ஹோசே கடல்மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. நான் தங்கிய அறையில் ஃபேன்கூட இல்லை, தேவையும் படவில்லை. இராசு எரிமலை உச்சி 3,432 மீட்டர், அங்கே ஸ்வெட்டர் போட்டும் குளிர் தாங்கவில்லை. ஆனால் பசிபிக் கரைக்கு இறங்கினால் நம் சென்னை மே மாதம்தான். போகிற வழியில் தார்கோலெஸ் ஆற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே எட்டிப் பாருங்கள், சேற்றுத் திட்டில் பெரிய பெரிய முதலைகள் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும்.

மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். பெரும்பாலும் காலையில் பளிச்சென்று வெயில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடியோடு கொட்டும். வருஷம் முழுக்க ஆறு மணிவாக்கில் இருட்டியும் விடுவதால், எதுவானாலும் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. கிழக்கே கரீபியன் கடல் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது, செப்டம்பர், அக்டோபரில் மற்ற இடமெல்லாம் நனையும்போது அங்கே மழை குறைவு.

முகவரி விஷயம்தான் பெரிய கூத்து. கதவு எண் யாரும் சொல்வதில்லை. தலைநகரை ஒட்டிய சான் பெத்ரோவில் ஒருவர் எனக்குச் சொன்ன வழி: பழைய அத்திமரத்திலிருந்து 200 மீட்டர் தெற்கே. அந்த மரம் எப்போதோ போய்விட்டது, ஆனால் டாக்ஸிக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விட்டார்! நூறு மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை, அளந்து பார்க்கக்கூடாது.

1948 உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, அதில் வென்ற தரப்பின் தலைவர் ஹோசே ஃபிகேரெஸ் ராணுவத்தையே கலைத்துவிட்டார், அடுத்த வருடம் அரசியல் சட்டத்திலும் ஏற்றிவிட்டார்கள். சான் ஹோசேயில் இருந்த அப்போதைய ராணுவப் பாசறைதான் இன்றைய தேசிய அருங்காட்சியகம். சுவரில் குண்டு பட்ட துளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள், அதற்காகவே போகலாம். ராணுவம் இல்லையே தவிர திருட்டு இல்லாமல் இல்லை, இருட்டிய பிறகு நகர மையத்தில் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு? காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வதக்கிய காயோ பின்தோ, மதியம் கசாதோ, அதிலும் சோறு, பீன்ஸ், கூட வறுத்த நேந்திரம்பழம். சைவக்காரர்கள் கறிக்குப் பதில் முட்டையோ சீஸோ கேட்டு வாங்கிச் சமாளித்துவிடலாம். காரம் மட்டும் துளியும் இருக்காது. அதற்குக் கரீபியன் கரையிலுள்ள லிமோன் போகவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அதே சோற்றையும் பீன்ஸையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, ஒரு முழு மிளகாயையும் உள்ளே போடுகிறார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.