பிள்ளைங்க கேம் சாட்ல உங்களுக்கு நடந்த அனுபவம் சொல்லுங்க: மெஷின் பார்த்துச்சா, மனுஷங்க பார்த்தாங்களா?

என் பொண்ணுக்கு 10 வயசு. லீவுல ஒரு கேம் ஆடுவா, பேரு வேணாம். ஃபிரெண்டுக்கு "9 மணிக்கு வரேன்"னு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சா 9 மட்டும் # ஆயிடும், ஃபோன் நம்பர் குடுத்துடக் கூடாதுன்னு நம்பரையே மறைக்குது, சரி நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன். ஆனா அதே சாட்ல எவனோ ஒருத்தன் "எந்த ஊரு, வீட்ல இப்ப யாரு இருக்கா, அம்மாகிட்ட சொல்லாத"ன்னு அதே மாதிரி தமிழ்ல கேட்டிருக்கான், ஒரு எழுத்து கூட மறையல. டேப்ல அத படிச்சப்போ கையெல்லாம் நடுங்கிடுச்சு. ரிப்போர்ட் அடிச்சேன், 2 நிமிஷத்துல பதில் வந்துச்சு, விதிமீறல் எதுவும் இல்லையாம்! அந்த 2 நிமிஷத்துல யாரு படிச்சிருப்பா? விடல, ஸ்கிரீன்ஷாட்ல ஒவ்வொரு வரிக்கும் இங்கிலீஷ்ல அர்த்தம் எழுதி மெயில் போட்டேன். நாலாவது நாள் ஒரு ஆளே பதில் எழுதினாங்க, அந்த அக்கவுண்ட்ட தூக்கிட்டோம், பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டு. அழுதுட்டேன்.

---

அக்கா, படிக்கவே பயமா இருக்கு. நான் கிளப் பெங்குவின்ங்கற பிள்ளைங்க ஆன்லைன் கேம் காலத்து ஆளு, 2005ல கனடாவுல ஆரம்பிச்சது, 2007ல டிஸ்னி வாங்கி 2017ல மூடிட்டாங்க. அதுல அப்பா அம்மா நெனச்சா டைப்பே பண்ண முடியாத சாட் வெச்சுக்கலாம், அவங்களே குடுத்த வாக்கியத்துலேர்ந்து எடுத்துதான் பேசணும். டைப் பண்ற சாட்லயும், தப்பான வார்த்தைய மெஷினே மறைக்கற ஃபில்டரோட நிக்காம, சாட்ட கண்காணிக்கற மாடரேட்டருங்கன்னு ஆளு வெச்சு பார்த்தாங்க. பேச்சு கம்மிதான், ஆனா எங்கம்மா நிம்மதியா விட்டாங்க.

---

நான் 2 வருஷம் நைட் ஷிஃப்ட்ல மாடரேஷன் வேலை பார்த்தவன். மெஷின் இல்லாம முடியாதுங்க, வர்ற மெசேஜ் அவ்வளவு, கெட்ட வார்த்தை மொத்தத்தையும் மனுஷன் உக்காந்து படிச்சா பைத்தியம் புடிச்சிடும். ஆனா நாங்க பார்த்த ஃபில்டர் ஒரு வரியத்தான் பார்க்கும், நாங்க மேல ஏறி 40 வரி படிப்போம். "கிஃப்ட் அனுப்பவா"ங்கறதுல ஒரு தப்பும் இல்ல, மூணு நாள் கிஃப்ட் குடுத்துட்டு நாலாம் நாள் "வேற ஆப்புக்கு வா, அங்க பேசலாம்"னு கூப்பிட்டா அங்கதான் வயித்த கலக்கும். எங்க ஷிஃப்ட்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன், நான் லீவு போட்டா தமிழ் ரிப்போர்ட்டெல்லாம் அப்படியே கிடக்கும், இன்னைக்கும் அது உறுத்துது. அக்கா, அடுத்த தடவ (வரவே வேணாம்) ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பிளாக் பண்ணாதீங்க, சில கேம்ல சாட்டே காணாம போயிடும். யூசர்நேம், டைம் ரெண்டும் தெரியற மாதிரி மேல இருக்கற பேச்சையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.