1972 செவர்லே சி10: மாற்றியமைத்த பழைய பிக்கப்பை வாங்கலாமா?

கேள்வி:
டெக்சாஸில் விற்பனைக்கு வந்துள்ள 1972ஆம் ஆண்டு செவர்லே சி10 பிக்கப் ஒன்றை வாங்கிச் சீரமைக்க எண்ணியுள்ளேன். முந்தைய உரிமையாளர் அதை மிகவும் தாழ்த்தி, ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகளால் வண்டியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பொருத்தி, பின் ஆக்சில் (பின்சக்கரங்களை இணைக்கும் தண்டு) மேலெழ இடம் கிடைக்கும்படி சேசிஸை (அடிச்சட்டத்தை) வெட்டியிருக்கிறார். வி8 எஞ்சின் ஓடுகிறது, பெயின்ட் புதியது. விலை பேசுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கான உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. சேசிஸை வெட்டிய இடத்தில் தடித்த இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்தியிருக்கிறார்களா, வெல்டிங்கில் விரிசல் உள்ளதா என்பதை வண்டிக்கு அடியில் சென்று பார்த்தே தீர வேண்டும். புதிய பெயின்ட்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. இந்த மாடல்களில் கேபினின் பின் மூலைகளும், கதவுக்குக் கீழுள்ள பகுதியும், கேபின் சேசிஸோடு இணையும் இடங்களும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதால், அங்கெல்லாம் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெயின்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் துருப்பிடித்த இடத்தை நிரப்பிய பட்டிதான்.

மறுமொழி 2:
கதவுத் தூணில் உள்ள தகட்டின் எண்ணும், சேசிஸில் பொறித்த எண்ணும், உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 1971 முதல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கே வழக்கமாக வந்தது. முன்பக்கம் பழைய வகையான டிரம் பிரேக் இருந்தால், பழைய வண்டியின் பாகங்களைக் கலந்திருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காந்தத்தோடு செல்கிறேன், சேசிஸைப் பார்க்க வெல்டர் ஒருவரையும் அழைத்துச் செல்வேன்.