‘கிளம்ஸி’ (clumsy) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

கேள்வி – மண்டபம்:
தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் தளும்பச் செய்துவிடும் தன் தம்பியைக் ‘கிளம்ஸி’ என்கிறாள் என் மகள். அகராதியில் ‘அலங்கோலமான’ என்றிருக்கிறது. அது அவனுக்குப் பொருந்துமா?

மறுமொழி – பாம்பன்:
பொருந்தாது, அண்ணா. அலங்கோலம் தோற்றத்தைச் சொல்வது. இச்சொல்லோ அசைவைச் சொல்வது. குளிரில் விறைத்து மரத்துப்போதலைக் குறித்த இடைக்கால ஆங்கில வினையிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது பிறந்தது. ஐஸ் பெட்டியில் நெடுநேரம் மீன் அடுக்கியவரின் விரல்கள் மரத்துப்போய், கையிலிருந்த சீலா மீன் வழுக்கி மணலில் விழுவதைப் பார்த்த நமக்கு அந்த வேர்ப்பொருள் உடனே விளங்கும். ‘லாவகமில்லாத’ என்பதே நெருக்கமான சொல் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி – தொண்டி:
ஆட்களுக்கு மட்டுமன்று, பிடிக்க வாகில்லாத கருவிக்கும், கேட்டவர் மனம் மேலும் நோகும்படி சொல்லப்பட்ட மன்னிப்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வரும். பின்னதற்குப் ‘பக்குவமற்ற’ என்பது பொருந்தும். நோயினால் கை நடுங்குபவரை இப்படிச் சொல்வது மட்டும் கூடாது, அது புண்படுத்தும்.

மறுமொழி – மண்டபம்:
மிக்க நன்றி. ‘லாவகமில்லாத’ என்றே மகளின் குறிப்பேட்டில் திருத்தி எழுதச் சொல்லிவிட்டேன்.