மறு: மேக்ரோவுக்குத் தமிழ்ச் சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். சி நிரல்மொழிப் பாடநூலில் முன்செயலி (நிரலைப் பெயர்ப்பதற்கு முன் அதன் உரையை மாற்றித் தரும் கருவி) இயலை வெள்ளிக்குள் அனுப்பியாக வேண்டும். பழைய பதிப்பில் மேக்ரோவை, அதாவது ஓர் உரைக்குப் பதிலாக நிரலில் எழுதும் பெயரை, 'பெயரிட்ட மாறிலி' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி மாணவர்கள் '#டிஃபைன் அளவு = 10;' (#டிஃபைன் என்பது மேக்ரோவை வரையறுக்கும் கட்டளை) என்று எழுதுகிறார்கள். சமக்குறியும் அரைப்புள்ளியும் அப்படியே நிரலுக்குள் போய் விழ, பிழைச்செய்தி வேறெங்கோ ஒரு வரியைக் காட்டுகிறது. நல்ல சொல் சொல்லுங்கள்.

-----
> பெயரிட்ட மாறிலி

மாறிலிக்குத் தரவினம் உண்டு, வரையெல்லை (நிரலில் எந்தப் பகுதிவரை செல்லும் என்பது) உண்டு. மேக்ரோவுக்கு இரண்டும் இல்லை. நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) பார்ப்பதற்கு முன்பே முன்செயலி பெயரை எடுத்துவிட்டு உரையை ஒட்டுகிறது, அவ்வளவுதான். '#டிஃபைன் மொத்தம் 5 + 3' என்று வைத்து 'மொத்தம் * 2' போட்டால் 16 வராது, 11தான் வரும். (5 + 3) என்று அடைப்புக்குறி போட வேண்டும். என் பரிந்துரை: பதிலி.

-----
> பதிலி

'பதில்' அரபு 'பதல்' வழி வந்தது ஐயா. நம்மிடம் ஆகுபெயர் இருக்க, கடன் எதற்கு? தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிலேயே பேசிவிட்டார். 'கார் அறுத்தான்' என்பது மும்மடியாகுபெயர்: நிறம் மேகத்துக்கு ஆகி, மேகம் பருவத்துக்கு ஆகி, பருவம் பயிருக்கு ஆனது. ஒரு மேக்ரோ இன்னொரு மேக்ரோவாக விரிவதும் இதேதான்! 'ஆகுநிரல்' என்றே வைக்கலாம்.

-----
கார் உதாரணம் அருமை. ஆனால் ஆகுபெயருக்கு இரு பொருளுக்கும் இடையே இயைபு வேண்டுமே. 'சுழியம்' என்று பெயரிட்டு 7 கொடுத்தாலும் முன்செயலி வாய் திறக்காது. பேசாமல் 'மேக்ரோ' என்றே விடுங்கள். வேலைக்குப் போனால் எல்லோரும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள்.

இன்னொன்று, சொல்லுக்குச் சம்பந்தமில்லாதது: மேக்ரோ வேண்டாம், 'கான்ஸ்ட் இன்ட்' (const int, மதிப்பை மாற்ற முடியாத முழு எண்) போடு என்று பாடத்தில் பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். சி தரப்படி அதை, பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'ஸ்விட்ச்' கூற்றின் 'கேஸ்' (case) அடையாளத்தில் வைக்க முடியாது. அங்கே 'ஈனம்' (enum, முழு எண்களுக்குப் பெயர் தரும் பட்டியல்) வேண்டும். சி23 (சி தரத்தின் அண்மைப் பதிப்பு) என்றால் முழு எண்ணுக்குக் 'கான்ஸ்ட்எக்ஸ்பர்' (constexpr) இருக்கிறது.

-----
> மேக்ரோ என்றே விடுங்கள்

அப்படியானால் இந்தக் கலைச்சொல் குழுவே எதற்கு? அரபு வாடை பிடிக்காதவர்களுக்கு 'மாற்றீடு' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது செயலின் பெயரா பொருளின் பெயரா என்று மாணவர் குழம்புவார். பதிலியே போதும்.

-----
சரி. 'பதிலி (மேக்ரோ)' என்று முதலிடத்தில் போட்டு, அப்புறம் பதிலி என்றே தொடர்கிறேன். 'மாறிலி' அந்த இயலில் எங்கும் வராது. கேஸ் பற்றிய குறிப்பையும் சேர்த்துவிட்டேன்.

-----
'ஆகுநிரல்' சொன்ன நான் பதிலியை ஏற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். இருமடியாகுபெயர் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.