மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. எலக்ட்ரீசியன் நேரடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டார், அப்படியே விடலாமா?

உப்புவெளிக்காரி (ஞாயிறு இரவு)

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. அப்பா கட்டியது. வயரிங்குக்கு முப்பது வயதுக்கு மேல். சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகள். ட்ரிப் சுவிட்ச் மட்டும் நான்கு வருடங்களுக்கு முன் மாற்றியது. அதில் 30 மில்லிஅம்பியர் என்று இருக்கிறது, அவ்வளவு மின் கசிந்தால் கரண்டை நிறுத்துமாம்.

கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து அது விழுகிறது. விளக்கு, மின்விசிறி போட்டால் ஒன்றுமில்லை. கேத்தலைப் போட்டால் விழுகிறது. கேத்தல்தான் பழுது என்று பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே தண்ணீர் கொதித்துத் தேநீரும் குடித்துவிட்டு வந்தேன். ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் இதே கதை.

கிணற்றடி விளக்கில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்த வரிக்கான பிரேக்கரை இறக்கிவிட்டுக் கேத்தலைப் போட்டேன். அப்போதும் விழுந்தது. ஆகவே கிணற்றடி குற்றவாளி இல்லை.

போன வாரம் வந்த எலக்ட்ரீசியன் பத்து நிமிடம் பார்த்தார். "30 எங்கள் ஊர் மழைக்குச் சரிவராது, 100 வாங்கி வையுங்கள்" என்று சொல்லி, அதுவரைக்கும் என்று இரண்டு கம்பிகளையும் ட்ரிப்பிலிருந்து கழற்றி நேரடியாக இணைத்துவிட்டுப் போனார். இப்போது கரண்ட் நிற்பதில்லை. ஆனால் வாஷிங் மெஷினைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். மழைக்கு முன்பும் சொன்னார், நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 100 வாங்கலாமா?

பாலையூற்று

எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் விழும். தூக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவோம். 100 போட்டால் தொல்லை தீரும். அம்மாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு உடுப்புத் துவைக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வயர்மன்

பாலையூற்றுத் தம்பி, செருப்பு ஈரமானால் என்ன செய்வீர்கள்?

பிள்ளை, இன்றிரவே வாஷிங் மெஷின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ட்ரிப்பில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. நீங்கள் இப்போது இருப்பது காவல் இல்லாத வீட்டில். அந்தக் கம்பிகள் மறுபடி ட்ரிப்புக்குள் போகவேண்டும். அதை நீங்கள் செய்யவேண்டாம். மெயின் சுவிட்சை இறக்கினாலும் மீற்றரிலிருந்து அதற்கு வரும் கம்பியில் 230 வோல்ட் இருந்தபடியே இருக்கும். என்.வி.கியூ. தொழிற்தகைமைச் சான்றிதழும், கம்பியின் காப்பை அளக்கும் மெகர் கருவியும் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். மெகர் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அவரும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

100 வேண்டாம். 30 என்பது மனித உடம்பைப் பார்த்து வைத்த அளவு. அதற்குமேல் சிறிது நேரம் மார்பின் வழியே ஓடினால் இதயத்தின் துடிப்பு குலையலாம். 100 போட்டால் பழுது அப்படியே இருக்கும், அதைச் சொல்கிறவன் வாய்தான் அடையும்.

இனிக் கிணற்றடி. அவசரப்பட்டு அதை விடுதலை செய்துவிட்டீர்கள். பழைய வீடுகளில் இருக்கும் சிறிய பிரேக்கர் கரண்ட் வரும் சிவப்புக் கம்பியை மட்டும்தான் வெட்டும். அது திரும்பிப் போகும் கறுப்புக் கம்பிகள் (நியூட்ரல்) எல்லாம் ஒரே பித்தளைக் கட்டையில் சேர்ந்தே இருக்கும். பிரேக்கரை இறக்கிய பின்னும் கிணற்றடியின் கறுப்பு உங்கள் குசினியின் கறுப்போடு கைகோத்தபடி நிற்கிறது. அது எங்கேயோ ஈர மண்ணைத் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

நாலாம் வருஷம்

ஐயா, நியூட்ரல் மண்ணைத் தொட்டால் விளக்குப் போட்டாலும் விழவேண்டுமே? கேத்தலுக்கு மட்டும் ஏன்?

ஓய்வுபெற்ற வயர்மன்

நல்ல கேள்வி. சிவப்பில் போனதும் கறுப்பில் திரும்பியதும் சமமா என்று பார்ப்பதுதான் ட்ரிப்பின் ஒரே வேலை. 2000 வாட் கேத்தல் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அவ்வளவும் கறுப்பில் திரும்பும்போது, தெருவில் இருந்து வரும் நீண்ட கம்பியின் தடையால் அந்தக் கறுப்பில் மண்ணைவிட இரண்டு மூன்று வோல்ட் ஏறிவிடும். கறுப்பு மண்ணைத் தொடும் ஈரமான இடத்தின் தடை 60, 70 ஓம் என்றால் அந்த இரண்டு மூன்று வோல்ட்டே 30 மில்லிஅம்பியரை மண்ணுக்குள் தள்ளப் போதும். எல்.ஈ.டி. விளக்கு அந்த அளவுக்கு ஏற்றாது. கேத்தல் பாவம், பழியை மட்டும் சுமக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உவர்மலையில் ஒரு வீட்டில் இதே பழுதுக்கு மூன்று ஸ்திரிக்கைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

எறும்பு ஊர்வது வேறு விஷயம். வாஷிங் மெஷினுக்குள் மின் இரைச்சல் வடிகட்டி என்று ஒன்று உண்டு. அதிலுள்ள சிறிய மின்தேக்கிகள் மிகச் சிறிய கசிவை, எர்த்துக்குப் போகும் பச்சைக் கம்பிக்கு அனுப்பும். பச்சைக்கு வழி இல்லாவிட்டால் இயந்திரத்தின் உடம்பு பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். கசிவு ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு, அதனால் ட்ரிப்புக்குத் தெரியாது, அம்மாவின் விரலுக்குத் தெரிகிறது. மோட்டர் சுற்றின் காப்பு ஒரு நாள் கெட்டால் அதே இடத்தில் முழு 230 நிற்கும். எர்த் கூர், அதாவது பச்சைக் கம்பி போய்ச் சேரும் உலோகக் கோல், மண்ணில் எங்கே அடித்திருக்கிறது என்று தெரியுமா?

உப்புவெளிக்காரி (திங்கள்)

பொத்தானை அமுக்கினேன். நீங்கள் சொன்னதுபோலவே ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் பயந்துவிட்டேன். மெயினை இறக்கிவிட்டு இரவு குப்பி விளக்கோடு இருந்தோம்.

எர்த் கூர் எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. வளவில் மீற்றருக்கு நேர் கீழே தேமா மரம்தான் நிற்கிறது.

கிண்ணியாத் தம்பி

மின்சார சபையைக் கூப்பிட்டால் வந்து பார்க்கமாட்டார்களா? இலக்கம் 1987.

ஓய்வுபெற்ற வயர்மன்

மீற்றர், அதற்கு முன்னால் உள்ள கம்பி, முத்திரை வைத்த பெட்டி என்றால் 1987. மீற்றருக்குப் பின்னால் உள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு.

உப்புவெளிக்காரி (வியாழன்)

ஆள் கிடைத்தார், சாம்பல்தீவிலிருந்து, மெகரோடு. நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றவைத்தார். மெயினை இறக்கி, பித்தளைக் கட்டையிலிருந்து கறுப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட்டில் அளந்தார். குசினியும் அறைகளும் நன்றாக இருந்தன. கிணற்றடிக் கம்பியில் பூச்சியம். மதிலடியில் மண்ணைத் தோண்டினால், குழாய் இல்லாமல் வெறும் கம்பி. நடுவில் கறுப்பு நாடா சுற்றிய ஒரு மூட்டு. அதைச் சுற்றித் தண்ணீர். நாடாவைப் பிரித்தபோது செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அந்த மூட்டை யார் போட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்கிறார். மாமாவாக இருக்கும்.

எர்த் கூர் தேமா மரத்தடியில்தான் இருந்தது, வேருக்குள். கூர் நன்றாக இருக்கிறது, பச்சைக் கம்பியைப் பிடிக்கும் கவ்வி உப்புக் காற்றில் துருவாகி உதிர்ந்து, கம்பி தனியே கிடந்தது. எத்தனை வருடமாகவோ தெரியாது. பித்தளைக் கவ்வி போட்டு எர்த்தின் தடையை அளந்தபோது 140 ஓம் காட்டியது. ட்ரிப்பையும் மீண்டும் இணைத்தார். கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, வாஷிங் மெஷின் மூன்றையும் போட்டோம், விழவில்லை. எறும்பும் இல்லை. 140 போதுமா?

ஓய்வுபெற்ற வயர்மன்

30 மில்லிஅம்பியர் ட்ரிப்புக்குக் கணக்கின்படி 1667 ஓம் வரை தாங்கும். தொட்டால் ஆபத்தில்லை என்று கருதும் 50 வோல்ட்டை 0.03 அம்பியரால் வகுத்தால் வரும். ஆனால் நாங்கள் பின்பற்றும் பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதிகள் 200 ஓமைத் தாண்டிய எர்த்தை நம்பவேண்டாம் என்கின்றன, மண் காய்ந்தால் மாறிவிடும் என்று. உங்களுடையது மழையில் எடுத்த 140. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த மணல் எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். கூடினால், இன்னொரு எர்த் கூர் கிணற்றுப் பக்கம் ஈரமான இடத்தில் அடித்து முதல் கூரோடு இணைக்கலாம்.

கிணற்றடிக்குப் புதிய கம்பி இழுக்கும்போது குழாய்க்குள் இழுங்கள், மண்ணுக்குள் மூட்டு வேண்டாம். முடித்தபின் மெகரில் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காசு கொடுக்காதீர்கள். புதிய கம்பி என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

பாலையூற்று

ஐயா, எங்கள் வீட்டில் சோதனைப் பொத்தானை இப்போதுதான் அமுக்கிப் பார்த்தேன். விழவில்லை. நேரடியாகக் கட்டவும் இல்லை, கம்பி உள்ளேதான் போகிறது.

ஓய்வுபெற்ற வயர்மன்

அப்படியென்றால் ட்ரிப் செத்துவிட்டது. நாளைக்கே மாற்றுங்கள். 30.

உப்புவெளிக்காரி

கிணற்றடிக் கம்பியைக் கழற்றியே வைத்திருக்கிறோம், தை பிறந்து மழை விட்டபின் புதிதாக இழுக்கலாம் என்று. அதுவரை அம்மா டோர்ச் லைட்டோடுதான் தண்ணீர் அள்ளுகிறார், மாமாவைத் திட்டியபடி.