எடை மேடைக்கு அருகில் ஒரு சாண் ஆழம்

பேட்டை, பழைய இரும்புக் கடை:

கதிரியக்கம் கலந்த இடத்தைச் சுத்தம் செய்த அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக வெளியே சொல்லவில்லை.

திருநெல்வேலி பேட்டையில் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. 2014இல் நாங்கள் அனுப்பிய ஒரு லோடு உருக்காலை வாசலிலேயே நின்றுவிட்டது. கதிர்வீச்சு அளக்கும் கருவி அலறுகிறது என்று டிரைவர் போனில் சொன்னதும் எனக்கு டெல்லி மாயாபுரிதான் நினைவுக்கு வந்தது. 2010இல் ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியை அங்கே பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தே போனார்.

எங்கள் லோடில் இருந்தது கோபால்ட் அல்ல. தாது மணல் பிரிக்கும் ஆலை ஒன்று கழித்துப் போட்ட குழாய்கள். உள்பக்கம் மணல் பழுப்பாக இறுகிப் பிடித்திருந்தது. அதில் மோனசைட் என்ற தாது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். நம் தெற்குக் கரை மணலில் இயற்கையாகவே இருப்பதுதான், ஆலையில் பிரித்துச் சேர்க்கும்போது செறிவு கூடிவிடுகிறது. மணலுக்கும் சேர்த்து எடைக்காசு கொடுப்பானேன் என்று, குழாய்களைச் சுத்தியலால் தட்டி எங்கள் முற்றத்திலேயே உதிர்த்திருந்தோம்.

கதிர்வீச்சை அளந்து சுத்தம் செய்ய வந்தவர்கள் நேராகக் கடைக்குள் நுழையவில்லை. தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய் அளந்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். இந்த ஊர் மண்ணின் இயல்பான அளவு தெரிந்தால்தான் எதுவரை சுரண்டுவது என்று தெரியும் என்றார் மூத்தவர்.

பிறகு முற்றத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். கருவியைத் தரைக்கு இரண்டு விரல் மேலே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார்கள். சில கட்டங்களில் சத்தம் நெல் பொரிவது போல எழும்பியது. குழாய்த் தண்ணீரால் கழுவிவிடலாமா என்று கேட்டேன். “அண்ணாச்சி, தண்ணீர் ஊற்றினால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும். பிறகு எங்கே போய்த் தேடுவது?” என்றார் மூத்தவர். தூசி பறக்காத அளவுக்கு ஈரம் தெளித்தார்கள். சுரண்டுவது, அளப்பது, மறுபடி சுரண்டுவது என்று மூன்று நாள் போனது. லாரிச் சக்கரம் அழுத்திய இடம் என்பதால் எடை மேடைக்கு அருகில் மட்டும் ஒரு சாண் ஆழம் போக வேண்டியிருந்தது. சுத்தியல், விளக்குமாறு, தட்டிய இரண்டு பேரின் செருப்பு எல்லாம் இரட்டைப் பாலித்தீன் பைக்குள் போயின. பைகளை டிரம்மில் அடைத்து, டிரம்முக்கு எண் போட்டு எடையும் எழுதினார்கள்.

தோரியத்தில் பாதி சிதையவே 1400 கோடி ஆண்டு ஆகும். நாங்கள் எதையும் அழிக்கவில்லை. எடுத்து வேறு இடத்தில் வைத்து, வைத்த இடத்தை எழுதிக்கொண்டோம். இந்த வேலையில் சுத்தம் என்பதற்கு அதுதான் பொருள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. விற்றவர்கள் ரசீதில் ‘பழைய குழாய்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் தட்டினார்கள். தோரியத் தூசி மூச்சில் உள்ளே போவதுதான் பெரிய கேடு. மஞ்சளில் கறுப்பு மூவிதழ் போட்ட எச்சரிக்கை அடையாளத்தை அவர்களிடம் காட்டியபோது, ஃபேன் என்றார்கள். 2007இல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் போட்ட சிவப்பு அடையாளத்தைக் கொண்டுவந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து எடை மேடைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

கூத்தங்குழி, கப்பல் வேலை:

அண்ணாச்சி, நான் 2018இல் ஃபுகுஷிமா பக்கம் பஸ்ஸில் போனேன். வயல்களில் வைக்கோல்போர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பைகளை அடுக்கியிருந்தார்கள். 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு வயல், பள்ளி மைதானம், வீட்டு முற்றம் என்று மேல்மண்ணை வழித்தெடுத்து நிரப்பிய பைகள். ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர் மண். 2045க்குள் அதை ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எருப்போட்டுச் சேர்த்த மண் அண்ணாச்சி, அதைப் பையில் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் சொன்ன வேப்பமரத்தடி எண்தான் என்னை உறுத்துகிறது. கூடங்குளத்தில் முதல் உலை 2013இல் மின்சாரம் தரும் முன்பே சுற்றுவட்டார மண், நீர், மீன் எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறார்கள். என்றைக்கோ அந்த உலைகளைக் கலைக்கும்போது அந்தத் தாள்களை வைத்துத்தான் சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல முடியும். அதன் பிரதி தமிழில் எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருக்க வேண்டும். கேட்டு மனு எழுதப் போகிறேன். அது போகட்டும், உங்கள் முற்றத்துக் குழியை எதைக் கொண்டு நிரப்பினீர்கள்?

பேட்டை, பழைய இரும்புக் கடை:

மானூர்ப் பெரியகுளத்துக் கரம்பை மண், தம்பி. இரண்டு டிராக்டர் அடித்தோம். அவர்கள் புறப்படும் முன் அதையும் அளக்கச் சொன்னேன். வேப்பமரத்தடி அளவுதான் வந்தது. அந்த எண்ணைத் தேதியோடு சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். மனுவில் என் கையெழுத்தும் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள்.