மறு: டிவியில் சொருகி ஆடும் கேமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'செருகாட்டம்' என்று வைத்துக்கொள்வோமே. கரகாட்டம், சிலம்பாட்டம் வரிசையில் காதுக்குப் பழகிவிடும்.

வணக்கம் ஐயா. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சொற்கள் சேர்ந்த விதத்திலும் குறையில்லை. ஆனால் மென்பொருள்காரர்கள் 'பிளகின்' என்பதற்குச் 'செருகுநிரல்' என்று ஏற்கெனவே புழங்குகிறார்கள். அதைவிட முக்கியம், டிவியில் செருகாத வீடியோ கேம் பெட்டி எது? பிளேஸ்டேஷனையும் செருகித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சாமானின் தனித்தன்மை, ஆட்டங்கள் எல்லாம் கையில் பிடிக்கிற பிடிக்குள்ளேயே இருப்பது. சிடி மாதிரித் தட்டு கிடையாது, தனியாகப் போடும் கேம் கேசட் கிடையாது. 2002-இல் ஜாக்ஸ் பசிபிக் என்ற பொம்மை நிறுவனம் விற்ற அடாரி ஜாய்ஸ்டிக் அப்படித்தான்: பிடிக்குள் பத்து ஆட்டம், பென்சில் பேட்டரி, டிவிக்குப் போகும் ஒயர், அவ்வளவுதான். 2004-இல் விடெக் நிறுவனம் கொண்டுவந்த வி.ஸ்மைல் என்ற பெட்டி சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தது, ஆனால் அதற்குக் கேசட் தனியாக வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாங்குகிறவர்தான் குழம்புவார்.

நான் சொல் தேடுவது இங்கே மதுரையில் ஒரு பாலர் பள்ளியின் பெற்றோருக்குத் துண்டறிக்கை எழுத. மீனாட்சி பஜாரில் கடை முன்னால் நிற்கும் அப்பாவுக்குக் கண்ணில் படுவது பெட்டியில் அச்சடித்த எண்தான். ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் அதே சில ஆட்டங்கள் வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும், பாதி சுடுகிற ஆட்டம். நாலு வயதுக்கு அது எதற்கு?

அவர் பார்க்க வேண்டியது பிடியை. பிள்ளையின் கைக்கு அது அடங்குகிறதா? பொத்தான் இரண்டு மூன்றோடு நிற்கிறதா? பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்களா? 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மின்பொம்மைக்கான தர எண் ஐ.எஸ். 15644. ஒயர் குட்டையாக இருந்தால் பிள்ளை டிவிக்கு அடியிலேயே போய் உட்காரும், இழுத்தால் டிவியும் கூட வரும். எழுத்துக்கூட்டத் தெரியாத வயது என்பதால் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் படமோ குரலோ வேண்டும். வீட்டு டிவியில் இந்த ஒயரைச் செருகும் மஞ்சள் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புது டிவிகள் பலவற்றில் அது இல்லை, ஹெட்போன் துளை மாதிரி ஒன்று இருக்கும், அதற்கு இணைப்பு ஒயர் வேறு. (உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று, நான்கு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்றது. கார்ட்டூனும் இந்த ஆட்டமும் அதே ஒரு மணிக்குள்தான்.)

ஆகவே என் முன்மொழிவு: ஆட்டப்பிடி.

-----

> ஆகவே என் முன்மொழிவு: ஆட்டப்பிடி.

தம்பி, மேலூர்ப் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை கயிற்றை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பிடிக்க ஓடிவிடும்! எழுத்தில் ஒரு 'ஐ' காப்பாற்றும், பேச்சில் யார் காப்பாற்றுவது?

'பிடி' சரிதான், அதை விட வேண்டாம். 'விளையாட்டுப்பிடி' என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டதும் விளங்கும். கேசட் போடுகிற வகை 'விளையாட்டுப்பெட்டி' ஆகட்டும். செருகாட்டத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

-----

ஆடு விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை ஐயா. விளையாட்டுப்பிடி, விளையாட்டுப்பெட்டி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அறிக்கையில் முதல் இடத்தில் மட்டும் 'டிவி கேம்' என்றும் சேர்த்துப் போடுவேன். கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்.

செருகாட்டத்தை அவசரப்பட்டு வாபஸ் வாங்க வேண்டாம். இப்போது எச்.டி.எம்.ஐ. துளையில் குச்சி மாதிரி ஒன்றைச் செருகுகிறார்கள். ஆட்டமெல்லாம் அந்தக் குச்சிக்குள், கையில் இருப்பது ஒயரில்லாத வெறும் பிடி. அதற்கு இது பொருந்துமா? மற்றவர்களும் சொல்லுங்கள்.